விளக்கில்லாமல் இறங்கிய வண்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

தூக்கம் வரவில்லை என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். "நெனச்சத எழுத வேண்டாம். செஞ்சத மட்டும் எழுதுங்க, போதும்." கடையில் புது வருஷத்துக்கு வந்த டைரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. எடுத்து வந்தேன்.

இன்று செய்தது. அரிசி ஊறப்போட்டேன். மகள் மௌலிகாவின் சீருடைக்குப் பட்டன் தைத்தேன். கடைக்குப் போனேன். இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற கடை. கவுண்டரில் பில் போடுவதும் பழைய பேட்டரிகளைச் சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. மாலையில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என் வீட்டுக்காரருடைய பைக்கை விட்டார்கள். குட்டியானை லாரியில் ஏற்றி வந்து வாசல் தகரச் சாய்ப்பின் கீழ் நிறுத்தினார்கள். ஹேண்டில் வளைந்திருக்கிறது. முன் விளக்கின் கண்ணாடி கீறியிருக்கிறது. மற்றபடி பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி மலை ரோட்டுச் சுவரோடு நின்றுவிட்டது. அவர்தான் சுவரைத் தாண்டி விழுந்தார்.

வண்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று சோதித்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

செப்டம்பர் 10, புதன்

துணி துவைத்தேன். அவர் சட்டை ஒன்று அழுக்குக் கூடையின் அடியில் இருந்தது. அதையும் துவைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவருடைய அப்பா, என் மாமா, தகரச் சாய்ப்புப் பக்கம் போவதே இல்லை. பின்வாசல் வழியாக வந்து போகிறார். இன்று சோறு போடும்போது சொன்னார்.

"அந்த வண்டிய யாருக்காச்சும் குடுத்துரு அம்மிணி."

"சரிங்க மாமா."

அவ்வளவுதான் பேசினோம். மாமா முப்பது வருஷம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசு பஸ் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும். விபத்து நடந்த அன்று மாலை அட்டகட்டிக்குக் கீழே பஸ்ஸை மலையேற்றிக்கொண்டிருந்த டிரைவர் அவரிடம் தொழில் பழகியவர். அவர்தான் நேரில் வந்து சொன்னார். "பனி கவுந்து கெடந்துச்சுங்கண்ணா. லைட்டே போடாம ஒரு பைக்கு எறங்குச்சு. நான் ஆரன் அடிக்கறக்குள்ள காணமுங்க."

பனியில் விளக்குப் போடாமல் மலை இறங்குகிறவன் எதற்காக இறங்குகிறான் என்று மாமாவுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தென்னை நார்க் கம்பெனியைச் சித்திரையில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அன்று வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியன் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஆள் எடுத்தாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வார்த்தையை யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. நானும் இங்கே எழுதவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டு வந்தபோது மாமா சொன்னது ஒன்றுதான். "சீக்கிரம் எடுத்துருங்க." காரியத்தையும் ஒரே நாளில் முடித்துவிட்டோம். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வாசலில் பாய்கூடப் போடவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மௌலிகா பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவிட்டாளாம். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, கடிபட்ட பெண்ணும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வைத்துக் கூட்டி வந்தேன். வழியில் பன் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார். கோட்டூர் பக்கத்து ஆள், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். முக்கில் இருக்கிற லேத் பட்டறையில் ஹேண்டிலை நிமிர்த்தி வாங்கினேன். சாவி போட்டால் வண்டியில் உயிரே இல்லை. பேட்டரியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனேன்.

கையில் எடுத்தபோது எடையே இல்லை. பொம்மை மாதிரி இருந்தது. லித்தியம். எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை, என்னிடம் சொல்லவில்லை. எங்கள் கடையில் வாங்கவும் இல்லை. எங்களிடம் பைக்குக்கு லித்தியம் கிடையாது. சாதா சார்ஜரில் போடக் கூடாது என்று தெரியும். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்காக வாங்கி வைத்த மீட்டரும் சார்ஜரும் இருந்தன. பைக்குக்கு ஏற்றபடி வோல்ட் அளவைக் குறைத்து வைத்துப் போட்டேன். முதலில் ஏற்றுக்கொள்ளவே இல்லை. பிறகு மெதுவாக ஏறியது.

பேட்டரியின் ஒரு பக்கம் இலேசாக உப்பியிருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன்.

முதலாளியம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோட்டூர்க்காரர் வந்தார். பேட்டரியை மாட்டினேன். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தம் கேட்டதும் மௌலிகா வாசலுக்கு ஓடி வந்தாள். யார் என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனைமலை ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். ரொம்ப நேரம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது ஓட்டிக்கொண்டுதான் வந்தார், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, இந்த வண்டி நமக்கு ஆகாதுங்க. நல்லா முறுக்கிப் போயிட்டிருக்கேன், பட்டுனு எல்லாம் செத்துப் போச்சுங்க. இஞ்சினு, ஆரன், லைட்டு, மீட்டர் எல்லாமே. பின்னால மணல் லாரி. நான் ஓரங்கட்டலீன்னா இன்னேரம் என்னையத் தூக்கிட்டுத்தான் வரோணும்."

"அப்பறம் எப்படி ஓட்டிட்டு வந்தீங்க?"

"அதானுங்க தெரியல. கொஞ்ச நேரம் மரத்தடியில நின்னேன். சாவியப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி லைட்டு எரியுது. சார்ஜிங்ல என்னமோ இருக்குதுங்க. நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டுங்க."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். போய்விட்டார். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

வண்டியின் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரன் இருக்கிறது. இண்டிகேட்டர் இருக்கிறது. டிம், பிரைட் இருக்கிறது. முன் விளக்கை அணைக்க சுவிட்ச் இல்லை. இந்த மாதிரி புது வண்டிகளில் சாவி போட்டதுமே விளக்கு எரியும். ஓட்டுகிறவர் நினைத்தாலும் அணைக்க முடியாது.

செப்டம்பர் 24, புதன்

கடை மீட்டரை வாங்கி வந்தேன். பேட்டரி முனைகளில் மாட்டிக்கொண்டு வண்டியைச் சாய்ப்பிலேயே ஸ்டார்ட் செய்தேன். சும்மா ஓடும்போது பதினாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே. அது சரி. முறுக்கினால் பதினாலரை வரைக்கும் போகலாம், அதுவும் சரி. இஞ்சின் சூடாகிற வரை விட்டுவிட்டு மறுபடியும் முறுக்கினேன். பதினைந்து. இன்னும் முறுக்கினேன். பதினைந்தும் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சரஸ்வதியக்கா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன வாணி, வண்டி ஓட்டப் பழகறயா?"

"இல்லைங்கக்கா. சும்மா."

இரவு மாத்திரை போட்டுக்கொண்டேன். தூங்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஹக்கீமண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவரும் என் வீட்டுக்காரரும் ஐ.டி.ஐ.யில் ஒன்றாகப் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆழியாற்றுக்குக் குளிக்கப் போவார்கள். அடக்கத்துக்கு வந்தவர், அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவே இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

வண்டியைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இத ஏன் தங்கச்சி இங்க கொண்டு வந்தே?"

"சார்ஜிங் ஏறுதுங்கண்ணா. பதினஞ்சுக்கு மேல போகுது. ரெகுலேட்டர்னு நெனைக்கறேன்."

அவர் வண்டியின் கிட்டே வரவில்லை. இன்றைக்கு ரொம்ப வேலை, வேறு இடத்தில் காட்டிக்கொள் என்றார். பெஞ்சில் ஒரு வண்டிகூட ஏறியிருக்கவில்லை. நான் நின்றேன். அவர் உள்ளே போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

தள்ளிக்கொண்டே திரும்பி வந்தேன். கால் வலிக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கடையில் பேட்டரிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தோம். துக்க வீட்டுக்காரி என்று நான் ஒதுங்கியே நின்றேன். முதலாளியம்மா பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது ஹக்கீமண்ணன் வந்தார். வெளியே வரச் சொன்னார். புளியமரத்தடியில் நின்று பேசினோம். அவர் பேசினார், நான் கேட்டேன்.

"லித்தியம் நாந்தான் மாட்டிவிட்டேன். அவனுக்கு வருஷத்துல ரெண்டு பேட்டரி போச்சு. ஒண்ணு உப்பிப் போச்சு, ஒண்ணு காஞ்சு போச்சு. அவன்தான், லித்தியம் போட்டுட்டா பிரச்சினையே இல்லடான்னான். எடை கம்மி, நாள் வரும்னான். நானும் சரின்னு ஆர்டர் போட்டு மாட்டிவிட்டேன். பேட்டரி ஏன் போகுதுன்னு நான் பாக்கல. மீட்டர் அங்கியேதான் தொங்குது. எடுத்து வெச்சுப் பாக்கல."

நான் மரத்தில் சாய்ந்துகொண்டேன்.

"இஞ்சின் கரண்ட்ட உண்டாக்கும். ரெகுலேட்டர் அத அடக்கி பேட்டரிக்குக் குடுக்கும். ரெகுலேட்டர் போச்சுன்னா அடங்காது. சாதா பேட்டரின்னா கொதிச்சு வாங்கிக்கும். லித்தியம் வாங்காது. உள்ள ஒரு போர்டு இருக்குது, ரொம்ப ஏறுச்சுன்னா தன்னத்தானே அத்து விட்டுரும். அத்து விட்டா வண்டியில எதுவுமே வேல செய்யாது. ஆறினதும் அதுவா ஒட்டிக்கும். அப்பறம் யாரு வந்து பாத்தாலும் வண்டி நல்லாத்தான் இருக்கும்."

"இது உங்களுக்கு எப்பங்கண்ணா தெரியும்?"

"லைட்டு இல்லாம எறங்குனான்னு டிரைவர் சொன்னாருல்ல. அப்பவே நெனச்சேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "நெனச்சதோட சரி. இல்லைன்னு ஆயிரணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

உள்ளே முதலாளியம்மா மணி அடித்தார். கற்பூர வாசம் வந்தது.

"நெசமாவே அப்படித்தான் ஆச்சான்னு தெரியணும்" என்றேன்.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். மலையில."

"நான் ஓட்டறேன்."

"நீ ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன்."

அக்டோபர் 5, ஞாயிறு

மௌலிகாவைச் சரஸ்வதியக்கா வீட்டில் விட்டேன். மாமாவிடம் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று சொன்னேன்.

ஹக்கீமண்ணன் அந்த வண்டியில் முன்னால் போனார். மீட்டரை டேங்க் மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தார். நான் என் ஸ்கூட்டரில் பின்னால். ஆழியாறு சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். நல்ல வெயில். பனி இல்லை. அணைத் தண்ணீர் கீழே தெரிந்தது. அந்த வளைவு வந்தபோது ஹக்கீமண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். சுவரில் புதிதாகச் சிமென்ட் பூசியிருந்ததைப் பார்த்தேன்.

அட்டகட்டியில் டீ குடித்தோம். அவர் வண்டியை அணைக்காமலே வைத்திருந்தார், சூடு ஆறிவிடக் கூடாது என்று.

"எறங்கும்போது ரெண்டாவது கியர்லதான் எறங்குவான். எல்லாரும் அப்படித்தான் எறங்குவாங்க. இஞ்சின் அலறும். அப்பத்தான் கரண்ட்டு ஏறும். நீ தள்ளியே வா தங்கச்சி. கிட்ட வராதே."

இறங்கினோம். அவர் மலைச் சுவர்ப் பக்கமாகவே போனார். அவர் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே நான் போனேன். பகலிலும் அது சின்னதாகச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. அடுத்த வளைவுக்குள் நுழையும்போது சிவப்பு இல்லை.

சத்தமும் இல்லை. அதுவரை மலை முழுக்க அந்த இஞ்சின் சத்தம் இருந்தது. அது நின்றதும் எங்கோ ஒரு குரங்கு கத்துவது கேட்டது. வண்டி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஹக்கீமண்ணன் இரண்டு பிரேக்கையும் பிடித்து, ரோட்டோர ஓடைக் கல்லில் இடித்து நிறுத்தினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பதினாறு காட்டுச்சு. உடனே அத்து விட்டுருச்சு" என்றார். "வெயிலு. ரோடு தெரியுது. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு வளைவு பிடிபடல தங்கச்சி."

சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். ஒரு பஸ் ஏறிப் போயிற்று. ஜன்னலோரம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மறுபடியும் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹக்கீமண்ணன் இரண்டு முறை கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

கடைக்குப் போகவில்லை. எதுவும் செய்யவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மௌலிகாவுக்குத் தலை பின்னும்போது சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபமாக இருந்தது.

"அப்பா வண்டியில கரண்ட்டு கோளாறு இருந்துருக்குது. திடீர்னு எல்லாமே நின்னுருச்சு. பனியில ரோடு தெரியல."

"லைட்டுமா நின்னுருச்சு?"

"லைட்டும்தான்."

"அப்பா அமத்தலையா?"

"அந்த வண்டியில அமத்த முடியாது கண்ணு. அப்பா வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாரு."

அவள் ரிப்பனைக் கையில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா உங்களப் புடிக்காமத்தான் செத்துப் போனாருன்னு ஹர்ஷினி சொன்னா. அதான் கடிச்சேன்."

இன்னொரு பின்னலையும் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பில்லில் இரண்டு தப்பு. முதலாளியம்மா திருத்திக்கொண்டார்.

அக்டோபர் 9, வியாழன்

ஹக்கீமண்ணன் கடைக்கு வந்தார். மாமாவிடம் சொல்ல வேண்டும் என்றார்.

நான் அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டிக் கோளாறு என்று மட்டும் நானே சொல்லிவிடலாம். மாமா வண்டி தெரிந்தவர். பேட்டரியை யார் மாட்டியது என்றுதான் முதலில் கேட்பார். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். சொல்லாமலே விட்டால் ஹக்கீமண்ணனுக்கு ஒன்றுமில்லை. மாமா மட்டும் பின்வாசல் வழியாகவே போய் வந்துகொண்டிருப்பார்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "உங்களுக்குக் குடும்பம் இருக்குதுங்கண்ணா. ஒர்க்‌ஷாப்புப் பேரு கெட்டுரும்" என்று மட்டும் சொன்னேன்.

"கெடட்டும். ஒரு மனுசன் தன்ற பையனத் தப்பா நெனச்சுட்டு உக்காந்திருக்காரு. நான் எப்படிச் சோறு திங்கறது?"

ஞாயிறு வருகிறேன் என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மழை. வாசல் கூட்டவில்லை. மௌலிகா சரஸ்வதியக்கா வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்தாள். ஹக்கீமண்ணன் நனைந்துகொண்டே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாமா நாற்காலியில் இருந்தார்.

நின்றுகொண்டே சொன்னார். இரண்டு பேட்டரி போனது, லித்தியம் மாட்டியது, மீட்டர் வைத்துப் பார்க்காதது, போன ஞாயிறு மலையில் நடந்தது. எதையும் விடவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்றேன். பருப்பு வெந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் மாமா ரொம்ப நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு அவனா அமத்தல."

"இல்லைங்கய்யா. அமத்தறக்கு அதுல சுவிட்சே இல்லைங்க."

"இஞ்சினும் நின்னுருச்சு."

"ஆமாங்க."

"எந்த கியர்ல வந்திருப்பான்?"

"ரெண்டாவதுல இருந்திருக்கும்ங்க."

"பிரேக்கு?"

"பிரேக்கு வேலை செய்யுங்கய்யா. அதுக்குக் கரண்ட்டு வேண்டியதில்ல."

"அப்ப புடிச்சிருப்பான்."

ஹக்கீமண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுப்பா. நீயும் எறங்கி வந்தீல்ல. லைட்டு போனதும் நீ என்ன பண்ணுனே?"

"ரெண்டு பிரேக்கையும் புடிச்சேனுங்க. புடிச்ச புடி விடல."

"அவனும் புடிச்சிருப்பான்" என்றார் மாமா. "ஈர ரோடு. அந்த வளைவு உள்ள இழுக்கும். நிக்காது. ஆனா புடிச்சிருப்பான்."

"புடிச்சிருப்பானுங்கய்யா."

மாமா எழுந்தார். ஹக்கீமண்ணனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஹக்கீமண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார், நகராமல் நின்றார்.

"உன்னைய என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இப்ப நீ போ."

அவர் போனார். மழையில் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

மாமா முன்வாசலில் இறங்கினார். தகரச் சாய்ப்பின் கீழே போய் வண்டியின் முன்னால் நின்றார். வலது கையால் பிரேக் பிடியைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். விடவில்லை. பிறகு ஒரு சத்தம் கேட்டது. மாமாவின் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பஸ் ஓட்டிய காலத்தில்கூட அவர் சத்தம் போட்டதில்லை என்பார்கள். வண்டியின் மேல் குனிந்துகொண்டு கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

சரஸ்வதியக்கா ஓடி வந்தார். எதிர்வீட்டுக்காரர் குடையில்லாமல் ஓடி வந்தார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, தெருமுனையில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"என்னாச்சுங்க? என்னாச்சுங்கய்யா?"

மாமா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"என்ற பையன் செத்துப் போயிட்டானுங்க" என்றார். "என்ற பையன் பூபதி செத்துப் போயிட்டான்."

சரஸ்வதியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ உள்ளே போய்ப் பாய் எடுத்து வந்து சாய்ப்பின் கீழே போட்டார்கள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தேன்.